தட்டில் ஜெயித்த பாக்டீரியா: மீன் குடல் ஆய்வுகள் பற்றி ஒரு விமர்சனம்

ஒரத்தநாடு பக்கம் என் மாமா ஒருத்தர் இரண்டு குளத்தில் மீன் வளர்க்கிறார். கட்லா, ரோகு, மிர்கால். போன ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை மூட்டம். ஐந்தாம் நாள் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அடுத்த வாரத்தில் துடுப்பு அடியில் சிவந்து, செதில் கிளம்பி, ஒவ்வொன்றாய் மிதக்க ஆரம்பித்தன. அப்போது ஒருவர் கொண்டுவந்து கொடுத்த பாக்கெட்டைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "குடல் நுண்ணுயிர்ச் சமநிலையைச் சீராக்கும், ஏரோமோனாஸ் நோயைத் தடுக்கும், ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்டது" என்று அதில் இருந்தது. கீழே மாமாவின் குரல் செய்தி: "மாப்ள, நீதான் மைக்ரோபயாலஜி படிச்சவனாச்சே. இது நெஜமா, சும்மாவா?"

"பாத்துட்டுச் சொல்றேன் மாமா" என்றேன். பார்த்து முடிக்க மூன்று மாதம் ஆகிவிட்டது. அந்த மூன்று மாதத்தில் வாசித்தவை பற்றிய குறிப்புதான் இது. பாக்கெட் விற்கிறவரைத் திட்டுவது என் நோக்கமில்லை. அவர் "ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்டது" என்று போட்டுக்கொள்ள வழிவிடுகிற ஆய்வுகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஒரே அச்சில் வார்த்த கட்டுரைகள்

வளர்ப்பு மீன்களின் குடல் நுண்ணுயிர்கள் பற்றிய கட்டுரைகளைத் தொடர்ந்து பத்து வாசித்தால் பதினோராவது எப்படி இருக்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம். மீன்களை இரண்டு குழுவாகப் பிரிக்கிறார்கள். ஒன்றுக்குச் சாதாரணத் தீவனம், இன்னொன்றுக்குப் புரோபயாடிக் கலந்த தீவனம். சில வாரம் கழித்து எடை பார்க்கிறார்கள். குடலை எடுத்து, அதிலுள்ள பாக்டீரியாக்களின் 16எஸ் மரபணுவைப் படித்து, வானவில் மாதிரி ஒரு பட்டைப் படம் போடுகிறார்கள். பிறகு நோய்க்கிருமியை மீனுக்குள் செலுத்தி, எத்தனை செத்தது என்று எண்ணுகிறார்கள். புரோபயாடிக் குழுவில் சாவு குறைந்திருந்தால் முடிவுரை தயார்: "குடல் நுண்ணுயிர்த் தொகுதியைச் சீரமைத்ததன் மூலம் நோய் எதிர்ப்பு உயர்ந்தது."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த "சீரமைத்ததன் மூலம்" என்ற இரண்டு சொல் எங்கிருந்து வந்தது? கட்டுரைக்குள் தேடினால் அதற்கு ஆதாரம் இருக்காது. நான் வாசித்தவற்றில் திரும்பத் திரும்பக் கண்ட ஓட்டைகள் நான்கு.

முதலாவது, தொட்டிக் கணக்கு. ஒரு தொட்டியில் 30 மீன் இருந்தால் 30 சாட்சி என்று கணக்கு வைக்கிறார்கள். ஆனால் அந்த 30 மீனும் ஒரே தண்ணீரில் கிடக்கின்றன, ஒன்றின் கழிவு இன்னொன்றின் வாய்க்குள் போகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அதே பானையிலிருந்து 30 சோறு எடுத்துப் பார்த்தாலும் தெரிவது அந்த ஒரு பானையின் பதம் மட்டும்தான். தீவனத்தால் வந்த வித்தியாசமா, தொட்டியால் வந்த வித்தியாசமா என்று பிரிக்க ஒவ்வொரு தீவனத்துக்கும் பல தொட்டிகள் வேண்டும். தொட்டியையே ஓர் அலகாக எண்ணவும் வேண்டும்.

இரண்டாவது, விகிதத்தை எண்ணிக்கையாக நினைத்துக்கொள்வது. 16எஸ் பட்டைப் படம் காட்டுவது விகிதம் மட்டும்தான். ஒரு தெருவில் 100 பேர். அதில் 50 பேர் ஊரைவிட்டுப் போனால், மிச்சமிருக்கிறவர்களின் பங்கு இரண்டு மடங்காகிவிடும், ஒரு பிள்ளைகூடப் புதிதாகப் பிறக்காமலேயே. "நல்ல பாக்டீரியா பெருகியது" என்று எழுதுகிற பலர் மொத்தம் எத்தனை இருந்தது என்று எண்ணியே பார்ப்பதில்லை.

மூன்றாவது, தீவனம். மீன்தூள், சோயா எல்லாவற்றிலும் செத்த பாக்டீரியாக்களின் டி.என்.ஏ. ஏராளமாக இருக்கும். 16எஸ் முறைக்கு உயிருள்ளதும் செத்ததும் ஒன்றுதான். குடலில் இருக்கிற சாப்பாட்டையும் சேர்த்து அரைத்துப் படித்தால், மீனின் குடலில் குடியிருப்பவை எவை, காலையில் தின்றவை எவை என்று பிரித்துச் சொல்ல முடியாது. தீவனத்தையும் தனியாகப் படித்து ஒப்பிட்டால்தான் தெரியும்.

நான்காவது எனக்கு எல்லாவற்றையும்விட உறுத்தியது. புரோபயாடிக் குடலில் காவல் நிற்கிறது என்பது வாதம். ஆனால் சோதனையில் நோய்க்கிருமியை எங்கே செலுத்துகிறார்கள்? பல கட்டுரைகளில் ஊசியால் நேரே வயிற்றறைக்குள். வாசலில் நல்ல காவல் போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, திருடனைக் கூரையைப் பிரித்து உள்ளே இறக்கிவிடுகிற கதை. அப்படியும் மீன் பிழைத்தால் அதற்கு ஏதோ காரணம் இருக்கலாம். உடம்பின் எதிர்ப்பு சக்தி கூடியிருக்கலாம், அதுவும் நல்ல விஷயம்தான். ஆனால் குடல் வாசலில் என்ன நடந்தது என்பதை அந்தச் சோதனை கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதக் கூடாது.

நேர்மையான ஒரு ஜோடி

எல்லாம் இப்படித்தான் என்று சொல்லிவிட்டால் அது அநியாயம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு கட்டுரைகள் டென்மார்க்கைச் சேர்ந்த லோனே கிராம் குழுவினுடையவை. முதலாவது 1999-ல் வந்தது. சூடோமோனாஸ் ஃப்ளூரசென்ஸ் ஏஎச்2 என்ற பாக்டீரியாவை எடுத்தார்கள். ஐஸில் வைத்த நைல் பெர்ச் மீனிலிருந்து பிரித்தது அது. ஆய்வகத்தில் விப்ரியோ ஆங்குயிலாரம் என்ற மீன் கிருமியின் வளர்ச்சியை அது தடுத்தது. பிறகு ரெயின்போ டிரவுட் மீன்களை அந்த ஏஎச்2 கலந்த தண்ணீரில் வைத்து, விப்ரியோ நோய்க்கு ஆளாக்கிப் பார்த்தார்கள். ஏழு நாளில், பாதுகாப்பு இல்லாத மீன்களில் 47 சதவீதம் செத்தன. ஏஎச்2 பெற்றவற்றில் 25 சதவீதம். பாதிக்குப் பாதி.

இங்கேயே நிறுத்திக்கொண்டு பாக்கெட் போட்டு விற்றிருக்கலாம். அவர்கள் நிறுத்தவில்லை. அதே ஏஎச்2, ஆய்வகத்தில் ஏரோமோனாஸ் சால்மோனிசிடா என்ற வேறொரு கிருமியையும் தடுத்தது. சால்மன் மீன்களுக்குத் தோலில் கொப்புளம் கிளப்பிக் கொல்லும் ஃபுருங்குலோசிஸ் நோய்க்குக் காரணம் அது. சரி, சால்மனையும் காப்பாற்றுமா? 2001-ல் பதில் வந்தது: காப்பாற்றவில்லை. கண்ணாடித் தட்டில் ஜெயித்தது தண்ணீர்த் தொட்டியில் ஜெயிக்கவில்லை என்பதைத் தலைப்பிலேயே போட்டு வெளியிட்டார்கள்.

தோற்ற சோதனையை இப்படித் தலைப்பிலேயே சொல்லும் கட்டுரைகள் அபூர்வம். ஒரு கிருமியிடமிருந்து ஒரு மீனைக் காத்த பாக்டீரியா, வேறொரு கிருமியிடமிருந்து வேறொரு மீனைக் காக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. தட்டில் தெரியும் தெளிந்த வளையம் ஒரு தொடக்கம் மட்டுமே. ஆனால் இன்றைக்கும் எத்தனையோ கட்டுரைகள் அந்த வளையத்தை வைத்தே "நோய்த் தடுப்பு ஆற்றல் கொண்டது" என்று எழுதி முடிக்கின்றன. 2001-ல் கிடைத்த பாடம் படிக்கப்படவே இல்லையோ என்று தோன்றுகிறது.

நார்வேயும் சிலேயும்

"அப்போ நுண்ணுயிர்த் தொகுதி பற்றிய பேச்சே வெட்டியா?" என்று கேட்கலாம். அதற்குப் பதில் சொல்ல இரண்டு நாடுகளின் சால்மன் பண்ணைகளைப் பார்க்க வேண்டும்.

1987-ல் நார்வே வளர்த்த மீன் சுமார் 50,000 டன். அதற்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் ஏறக்குறைய 48 டன்! குளிர்நீர் விப்ரியோசிஸ் ஒரு பக்கம். 1985-ல் ஸ்காட்லாந்திலிருந்து வாங்கிய குஞ்சுகளோடு வந்து பரவிய ஃபுருங்குலோசிஸ் இன்னொரு பக்கம். அதே நார்வே இன்று வளர்ப்பது ஆண்டுக்குப் பதினைந்து லட்சம் டன்னை ஒட்டி. ஆன்டிபயாடிக் பயன்பாடு வருடத்துக்கு ஒரு டன்னுக்கும் கீழே. 1994-லேயே அது சுமார் 1.4 டன்னுக்கு இறங்கிவிட்டது.

எப்படி? குடல் நுண்ணுயிர்களைச் சீரமைத்தா? இல்லை. பழைய பாணியில், நோய்க்கு நோய் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். குளிர்நீர் விப்ரியோசிஸ் முதலில் ஹித்ரா தீவுப் பக்கம் தெரியவந்தபோது, தீவனத்தில் ஏதோ சத்துக் குறைபாடு என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். பிறகுதான் அது ஒரு விப்ரியோ என்று உறுதியாகி, 1986-ல் அதற்குப் பெயர் வைத்தார்கள். கிருமி தெரிந்ததும் தடுப்பூசி வந்தது. 1990-களின் தொடக்கத்தில் எண்ணெய் கலந்த தடுப்பூசியைக் கடலில் விடுவதற்கு முன் ஒவ்வொரு குஞ்சுக்கும் வயிற்றில் போட்டார்கள். கூடவே, பண்ணைகளுக்கு இடையே இடைவெளி, அறுவடைக்குப் பின் கூண்டுகளைக் கொஞ்ச காலம் காலியாக விடுவது, ஒரே வயது மீன்களை மட்டும் ஓரிடத்தில் வைப்பது என்று நிர்வாக ஒழுங்கு.

இதற்கு மீன்களும் விலை கொடுத்தன. எண்ணெய் ஊசியால் உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதை அளக்கவே ஸ்பைல்பெர்க் அளவுகோல் என்று ஒன்று உண்டு. ஆனாலும் கணக்கு தெளிவானது. ஒரு கிருமி, ஒரு நோய், ஒரு தடுப்பூசி என்ற ராபர்ட் கோக் காலத்து வழி வேலை செய்தது.

இப்போது சிலே. 1989-ல் புவெர்த்தோ மோன்ட் பகுதியில் கோஹோ சால்மன்கள் கூட்டமாகச் செத்தன. அங்கேயும் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். 1992-ல் பிசிரிக்கெட்சியா சால்மோனிஸ் என்று பெயரும் வைத்தார்கள். தடுப்பூசிகளும் ஒன்றல்ல, பல வந்தன. ஆனால் 2014-ல் சிலே சால்மன் பண்ணைகளில் செலவான ஆன்டிபயாடிக் 563 டன். அதன் பிறகு குறைந்தாலும் இன்னும் வருடத்துக்கு 300 டன்னுக்கு மேலேதான். பெரும்பகுதி இந்த ஒரே நோய்க்காக. காரணம், இந்தக் கிருமி மீனின் செல்களுக்குள்ளேயே, அதுவும் கிருமிகளை விழுங்க வேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே போய்க் குடியிருக்கிறது. தடுப்பூசி தருகிற பாதுகாப்பு நீண்ட நாள் தாங்குவதில்லை.

ஆக, கிருமியைக் கண்டுபிடித்தால் போதும் என்ற வாதமும் முழுதாக நிற்கவில்லை. நார்வேயிலேயே மோரிடெல்லா விஸ்கோசா தடுப்பூசியில் இருந்தும் குளிர்காலப் புண் போகவில்லை. போதாக்குறைக்கு மருந்து தன் வேலையையும் காட்டுகிறது. சிலே ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட கட்டுரையில், ஆக்ஸிடெட்ராசைக்ளின் கொடுத்த சால்மன்களின் குடலில் பல வகை பாக்டீரியாக்கள் காணாமல் போய், ஏரோமோனாஸ் வகை மட்டும் மிஞ்சியதைக் காட்டினார்கள். நோய் தீர்க்கக் கொடுத்த மருந்து, நோய் தரக்கூடிய இனத்துக்கே இடம் ஒதுக்கிக் கொடுத்த மாதிரி. நுண்ணுயிர்த் தொகுதி பற்றிய கேள்வி நியாயமாக எழுவது இந்த இடத்தில்தான். தடுப்பூசி எட்டாத இடத்தில் யார் காவல்?

கேள்வியைச் சரியாகக் கேட்டவர்கள்

இதற்குச் சரியான பதில் தேடியவர்களும் உண்டு. எனக்குத் தெரிந்து இரண்டு வகை.

ஒன்று, நார்வேயின் த்ரோண்ட்ஹைம் நகரில் உலாவ் வாட்ஸ்டைன் போன்றவர்கள் 1990-களிலிருந்து செய்துவரும் வேலை. கடல்மீன் குஞ்சு பொரிப்பகங்களில் தண்ணீரைக் கிருமிநீக்கம் செய்து தொட்டியில் விடுவார்கள். ஆனாலும் குஞ்சுகள் சாகும். ஏன்? கிருமிநீக்கம் பாக்டீரியாவைக் கொல்கிறது, அதற்கான சாப்பாட்டைக் கொல்வதில்லை. தீவனமும் கழிவும் சேரும் தொட்டியில், போட்டிக்கு ஆளில்லாத நேரத்தில் வேகமாகப் பெருகும் சந்தர்ப்பவாதிகள்தான் முதலில் முளைக்கும். நம் ஊரில் உழுது வெறுமையாய்ப் போட்ட நிலத்தில் முதலில் வருவது நெல்லா, கோரையா? அதனால் அவர்கள் தண்ணீரை முதலில் ஒரு வடிப்பான் வழியாக ஓடவிட்டு, மெதுவாக வளரும் பாக்டீரியாக்கள் அதில் குடியேறும்வரை பொறுத்தார்கள். அந்தப் "பழுத்த" தண்ணீரில் ஹாலிபட், டர்பட் குஞ்சுகள் மேலாகத் தேறின. எந்தப் பாக்கெட்டிலிருந்தும் எதையும் கொட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். சூழலை மாற்றினார்கள். யார் குடியிருப்பது என்பதைச் சூழல் முடிவு செய்தது.

இன்னொன்று, பிரான்சில் 2021-ல் வந்த டிரவுட் ஆய்வு. முட்டையின் மேல்புறத்தைச் சுத்தம் செய்து, கிருமியே இல்லாத டிரவுட் குஞ்சுகளை வளர்த்தார்கள். ஃப்ளேவோபாக்டீரியம் காலம்நேரே என்ற கிருமியைத் தண்ணீரில் விட்டதும் அவை செத்தன. சாதாரணக் குஞ்சுகள் தாங்கின. அப்படியானால் சாதாரணக் குஞ்சிடம் இருக்கிற ஏதோ ஒன்று காக்கிறது. எது? அவற்றிலிருந்து வளர்த்தெடுக்க முடிந்த பாக்டீரியாக்களைத் திரும்பக் கொடுத்துத் தேடினார்கள். கடைசியில் ஒரே ஒரு இனம் போதுமானதாக இருந்தது. வேடிக்கை என்னவென்றால் அதுவும் ஒரு ஃப்ளேவோபாக்டீரியம்தான்! கொல்வதும் காப்பதும் ஒரே குடும்பம். 16எஸ் பட்டைப் படத்தில் இரண்டும் ஒரே நிறத்தில் வந்திருக்கும்.

இந்த ஆய்வில் கிருமி தண்ணீர் வழியாகவே வந்தது. காப்பதாகச் சொன்னதை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். திரும்பக் கொடுத்தும் பார்த்தார்கள். எடுத்தால் சாக வேண்டும், கொடுத்தால் பிழைக்க வேண்டும். கோக் நோய்க்குக் கேட்ட அதே கேள்வியைப் பாதுகாப்புக்கும் கேட்டிருக்கிறார்கள். "சீரமைத்ததன் மூலம்" என்று எழுதும் உரிமை இப்படிச் செய்தவர்களுக்குத்தான் உண்டு.

"நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா" என்ற பிரிவினையும் இங்கே உடைந்துபோகிறது. தயிரோடு சம்பந்தப்பட்ட லாக்டிக் வகை என்றாலே நல்லது என்று நினைக்கிறோம். அதே உறவில் வரும் லாக்டோகாக்கஸ் கார்வியே டிரவுட்டைக் கொல்கிறது. மாமாவின் குளத்தில் சிவப்பு நோய்க்குப் பழி சுமக்கும் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா, நோயில்லாத நாளிலும் குளத்துத் தண்ணீரிலும் மீனின் குடலிலும் சாதாரணமாக இருப்பதுதான். மூச்சுத் திணறியும், நெருக்கியடித்தும் மீன் தளர்ந்த அன்றைக்குத்தான் அது நோய்க்கிருமி ஆகிறது. கெட்டவனைத் துரத்தி நல்லவனைக் கொண்டுவந்து வைக்கிற கதையை இந்தக் குளத்துக்குப் பொருத்த முடியாது.

மாமாவுக்கு என்ன சொன்னேன்?

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். நார்வேக்காரர் ஒரு சால்மனுக்கு ஊசி போட முடிகிறது, காரணம் அந்த மீனின் விலை. கட்லாவுக்கும் ரோகுவுக்கும் ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட்டால் மாமாவுக்கு எதுவும் மிஞ்சாது. ஊசிக்கு வழியில்லை, ஆன்டிபயாடிக் கூடாது என்கிற ஒருவர் முன்னால் பாக்கெட்டை நீட்டினால் வாங்கத்தான் செய்வார். அது ஏமாளித்தனமில்லை. வேறு கதவு திறந்து இல்லை, அவ்வளவுதான். ஆய்வாளர்களிடம் எனக்கு இருக்கும் கோபமும் அதனால்தான். அவர்கள் அசட்டையாக எழுதுகிற ஒரு வரியை வேறு யாரோ தன் கைக்காசைப் போட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போன் செய்து இவ்வளவையும் சுருக்கிச் சொன்னேன். பாக்கெட்டில் இருக்கும் பாக்டீரியாவின் பெயர் மட்டும் போதாது, எந்த மீனில், எந்த நோய்க்கு, எப்படிச் சோதித்தார்கள் என்று விற்கிறவரைக் கேட்கச் சொன்னேன். கெண்டை மீனில், தண்ணீர் வழியாக நோய் கொடுத்து, பல தொட்டிகளில் பார்த்த ஆய்வு ஒன்றைக் காட்டினால் யோசிக்கலாம் என்றேன். அதற்கு முன்னால் அந்த மூட்ட நாட்களில் விடிகாலை ஆக்ஸிஜன் எவ்வளவு இறங்கியது, குஞ்சு எத்தனை விட்டது, மழை நாளிலும் தீவனத்தைக் குறைக்காமல் போட்டாரா என்று கேட்டேன்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "தீவனம் எப்பவும் போலத்தான் போட்டேன். குஞ்சும் கொஞ்சம் கூடத்தான்" என்றார். அப்புறம், "சரி, ஒண்ணு பண்றேன். ஒரு குளத்துக்கு மட்டும் அந்தப் பவுடரைப் போட்டு, இன்னொண்ணுக்குப் போடாம விட்டுப் பாக்கறேன். தெரிஞ்சுடும்ல?"

சிரிப்பு வந்துவிட்டது. "தெரியாது மாமா. ஒரு குளம், ஒரு குளம். எது ஜெயிச்சாலும் பவுடராலயா குளத்தாலயான்னு சொல்ல முடியாது" என்றேன்.

"அப்ப ஆராய்ச்சி பண்றவங்க மட்டும் எத்தனை குளத்துல பாக்கறாங்களாம்?"

பல பேர் ஒரு குளத்தில்தான் மாமா என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. பவுடர் காசை எடுத்து வைத்து ஒரு ஏரேட்டர் வாடகைக்கு எடுக்க முடியுமா என்று விசாரிக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.